நோயைக் கணக்கிடலும் நோயாளியை நினைத்தலும்

மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 150 மைல் தூரத்துக் காட்டுப் பாதையைக் கால்நடையாகவே கடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு மலைநாட்டின் வாயிலாக விளங்கியது மாத்தளை. அவர்களோடு கூடவே வாந்திபேதியும் பெரியம்மையும் அப்பாதையில் நடந்து வந்தன. புறப்பட்டவர் எத்தனை பேர், வந்து சேர்ந்தவர் எத்தனை பேர், இடையிலே காட்டோரத்தில் கைவிடப்பட்டு மாண்டவர் எத்தனை பேர் என்பதை ஒப்பிட்டுச் சொல்லத்தக்க ஒழுங்கான ஏடு எதுவும் அந்நாளில் இருந்ததில்லையாதலால், அம்மரணங்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் இன்றளவும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மைக்கு அஞ்சிய அந்த ஜனங்கள் வணங்கிய முத்துமாரியம்மனுக்கு மாத்தளையில் கோயில் எழுந்தது; 1880இல் புகைவண்டி வந்தது; கோப்பி அழிந்து தேயிலையும் றப்பரும் கொக்கோவும் மிளகும் வந்தன; ஆயினும் நோயைப் பற்றிய செய்தி மட்டும் நெடுங்காலம் நடந்தேதான் வந்துகொண்டிருந்தது.

கணினியையும் வைத்தியத்தையும் சேர்த்துவைக்க முயன்ற சில வைத்தியர்களைப் பற்றி எழுதப் புகுந்தவன், கோப்பிக் காலத்துக் காட்டுப் பாதையில் தொடங்குவது பொருந்துமா என்று வாசகர் வினவலாம். பொருந்தும் என்பதே என் அபிப்பிராயம். தொற்றுநோய்க்கு எதிராக ஓர் அரசாங்கம் செய்யக்கூடிய காரியங்களில் பெரும்பகுதி, நோய் ஓரிடத்தில் தோன்றிவிட்டது என்னும் சங்கதியை, அந்நோய் அடுத்த ஊரை எட்டுவதற்கு முன்னே உரியவர் காதில் போட்டுவிடுவதிலேதான் அடங்கியிருக்கிறது. பம்பாயில் 1896இல் பிளேக் மூண்டது. மறு ஆண்டே இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், குடும்ப நல மாதர்கள் என்னும் ஒழுங்கு நாடெங்கும் படிப்படியாகப் பரவிற்று. உலகத்து ஏழை நாடுகளுக்குள்ளே இலங்கையின் சுகாதாரத்துக்கு ஏற்பட்ட நற்பெயருக்கு வைத்தியசாலைக் கட்டடங்களைக் காட்டிலும் இந்த ஒழுங்கே பெரிய காரணம்.

இந்த ஒழுங்கு காகிதத்தில் எப்படி ஓடியது என்பதைச் சற்றே அருகில் நின்று பார்க்க வேண்டும். மாத்தளை வைத்தியசாலையில் ஒருவருக்கு டெங்குவோ எலிக்காய்ச்சலோ இருக்கலாம் என்று ஐயம் பிறந்த மாத்திரத்தில், 'எச் 544' என்னும் படிவம் எழுதப்பட்டுத் தபால் வழியாக நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் செல்லும். அவர் அதைப் பதிந்துகொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கு அனுப்புவார். பரிசோதகர் மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு, கொல்லைப்புறத்தில் கிடக்கும் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றை எட்டிப் பார்த்து, அயலில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்து, 'எச் 411' படிவத்தை நிரப்புவார். வாரந்தோறும் இவையெல்லாம் தொகுக்கப்பட்டு 'எச் 399' அறிக்கையாகக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய்ச் சேரும். குறை சொல்லத்தக்க ஏற்பாடு அன்று. ஆனால் தபாற்காரரின் சைக்கிள் எவ்வளவு வேகமாகச் சுழலுமோ அவ்வளவு வேகத்தில்தான் இச்செய்தியும் சுழன்றது.

அந்த வேகம் போதாது என்பதை 2008ஆம் ஆண்டு மாத்தளைக்குக் கடுமையாகவே உணர்த்திற்று. எலியின் சிறுநீரிலும் மாட்டின் சிறுநீரிலும் கழிந்து வயற்சேற்றில் உயிரோடிருக்கும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, நாற்று நடுபவரின் காலிலுள்ள சிறு கீறல் வழியே உட்புகுந்து, முதலில் சாதாரணக் காய்ச்சலாகத் தோன்றி, பின்னர் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கவல்லது. அவ்வாண்டு இலங்கையில் 7,400 பேருக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் ஐயத்துடன் அறிவிக்கப்பட்டார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் மாத்தளை ஒன்று. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெனிசிலினுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் அடங்கிவிடும் நோய் இது. எனவே எந்த வயற்பரப்பில் இந்த வாரம் காய்ச்சல் கூடியது என்று அந்த வாரமே தெரிந்தால், அடுத்த வாரம் சேற்றில் இறங்கப் போகிறவர்களை எச்சரித்து முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம். பதினைந்து நாள் கழித்துத் தெரிந்தால் அது சரித்திரமாகிவிடுகிறது.

தாமதத்தைக் கணினி குறைக்கும் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை. ஆயினும் வைத்தியசாலைகளுக்கென்று கணினி வல்லுநர் மாத்திரம் இருந்து சமைத்த மென்பொருள்கள் பல, உலகெங்கும், திறப்பு விழாவன்று நாடா வெட்டப்பட்டதற்கு மறுமாதமே தூசு படியத் தொடங்கியதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு படிவத்திலுள்ள அறுபது கட்டங்களில் குடும்ப நல உத்தியோகத்தர் எவற்றை உண்மையாகக் கேட்டு நிரப்புகிறார், எவற்றை மேலதிகாரியின் மனம் கோணாதிருக்கும் பொருட்டு உத்தேசமாக இட்டுவைக்கிறார் என்பது, அவரோடு கூட உட்கார்ந்து வேலை செய்தவருக்கு அல்லாமல் வேறு யாருக்கும் தெரியாது. இந்த நுட்பத்தை உணர்ந்தமையால்தான், மரபணு வைத்தியப் பேராசிரியர் வஜிர திசாநாயக்க முதலானோர் முன்னின்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில், வைத்தியர்களுக்கே தகவலியலைக் கற்பிக்கும் முதுமாணிப் படிப்பொன்றை 2010ஆம் ஆண்டையொட்டி, நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையோடு ஆரம்பித்தார்கள். சத்திரசிகிச்சை, மகப்பேறு, சிறுவர் வைத்தியம் என்னும் துறைகளைப் போலவே, சுகாதாரத் தகவலியலும் ஒரு வைத்தியர் தம் வாழ்நாட் தொழிலாகக் கொள்ளத்தக்க துறை என்று அங்கீகாரம் பெற்றது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்காரும் வைத்தியரைப் பார்த்துச் சக வைத்தியர்களே நகைத்த காலம் ஒன்று இருந்திருக்கும். அந்த நகைப்பு 2020ஆம் ஆண்டின் முதல் மாதத்தோடு நின்றிருக்க வேண்டும்.

அந்தப் படிப்பில் சேர்ந்த வைத்தியர்கள் கையாளக் கற்றுக்கொண்ட முக்கியமான உபகரணம் டி.எச்.ஐ.எஸ்.2 என்னும் மென்பொருள். நிறவெறி ஆட்சி ஒழிந்த 1994ஆம் ஆண்டுக்குப் பின், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த தென்னாபிரிக்கச் சுகாதாரக் கணக்குகளை ஒரே ஏட்டில் கொண்டுவரும் முயற்சியில் அதன் வேர் இருக்கிறது, ஒஸ்லோவில் வளர்ந்தது, அதன் இரண்டாம் உருவம் 2006இல் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த இடம் நமக்கு அண்டையிலுள்ள கேரளம். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, யாரும் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பவை அதன் புகழுக்குக் காரணம் என்பார்கள். என் நோக்கில் அதைவிடப் பெரிய குணம் ஒன்றுண்டு. புதிய நோய்க்குப் புதிய படிவம் வேண்டுமென்றால் நிரல் எழுதத் தேவையில்லை. எந்தக் கேள்வியை எந்த வரிசையில் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு வைத்தியர், தாமே அதைத் திரையில் அமைத்துவிடலாம். அறிவு வைத்தியரிடத்தில் இருக்கிறது, ஆற்றல் பொறியியலாளரிடத்தில் இருக்கிறது என்று பிரிந்து கிடந்த நிலையை இந்தச் சிறு சௌகரியம் மாற்றிவிட்டது.

இலங்கையில் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தாய் சேய் நலக் கணக்குகள் இதன் மூலம் கணினிக்கு ஏறின. குழந்தைகளின் போசாக்கைக் கைத்தொலைபேசி வழியாகப் பின்தொடரும் முயற்சிகளும் நடந்தன. இவ்விதம் பழகிய கைகளுள் ஒன்று வைத்தியர் பாமோத் அமரக்கோனுடையது. 2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையின் முதலாவது கொரோனா நோயாளியாக ஒரு சீன நாட்டுப் பயணி அடையாளம் காணப்பட்டார். உலக சுகாதார ஸ்தாபனம் உலகத் தொற்று என்று அறிவிப்பதற்கு இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. உள்நாட்டிலே இலங்கையர் ஒருவருக்கு நோய் உறுதியானதும் மார்ச்சு மாதத்தில்தான். ஆனால் அமரக்கோனும் அவரைச் சேர்ந்த சிறு குழுவினரும், சுகாதார அமைச்சோடு கூடி, ஜனவரி இறுதியில் சில நாள்களுக்குள்ளாகவே டி.எச்.ஐ.எஸ்.2 இல் ஒரு கண்காணிப்பு ஏட்டை அமைத்துவிட்டார்கள். உலகத்தில் அம்மென்பொருளைக் கொரோனாவுக்குப் பயன்படுத்திய முதல் நாடு இலங்கை.

அந்த ஏட்டின் சாரம் மிகவும் எளிமையானது. ஆபத்தான நாட்டிலிருந்து வருபவரின் பெயர், கடவுச்சீட்டு எண், தங்கப்போகும் முகவரி ஆகியவை விமான நிலையத்திலேயே பதியப்படும். அந்த முகவரி எந்தச் சுகாதார வைத்திய அதிகாரியின் எல்லைக்குள் விழுகிறதோ, அவருடைய பட்டியலில் அப்பெயர் தோன்றும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று 14 நாள் விசாரித்து எழுதுவதற்கு இடம் இருக்கும். கோப்பிக் காலத்துக் காட்டுப் பாதையில் வந்தவரை எண்ணுவதற்கு ஏடில்லாதிருந்த மாவட்டத்துக்கு, கட்டுநாயக்காவில் இறங்கிய ஒருவரின் பெயர் அவர் மாத்தளைக்கு வந்து சேர்வதற்கு முன்னமே வந்து சேரும் காலம் பிறந்தது. குடிவரவுத் திணைக்களத்தின் விவரங்களை இதனோடு இணைப்பதற்கு நிரல் எழுதுவோர் பலர் தன்னார்வமாகக் கூடி இரவு பகலாக உழைத்தார்கள். தொடர்பிலிருந்தோரைத் தேடுவதற்கும், தீவிர சிகிச்சைக் கட்டில்கள் எங்கெங்கே வெறுமையாக உள்ளன என்று அறிவதற்கும் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. 2021 ஜனவரி 29இல் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபோது அதன் பதிவும் இதே மென்பொருளில் ஏறிற்று. இலங்கையர் அமைத்த மாதிரியை ஒஸ்லோவிலிருந்தோர் பொதுவாக்கி வெளியிட, ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. வழக்கமாக வடக்கிலிருந்து தெற்கே வரும் தொழில்நுட்பம் ஒரு முறையேனும் எதிர்த்திசையில் போயிற்று என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு கர்வமும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் நோயைக் கணக்கிடும் காரியம். நோயாளியை நினைவில் வைத்திருப்பது வேறு காரியம். முன்னதில் இலங்கை வைத்தியர்கள் அடைந்த சித்தியைப் பின்னதில் இன்னும் அடையவில்லை என்பது என் துணிபு. புகழுரைகளின் ஆரவாரத்தில் இந்த வேறுபாடு அமிழ்ந்துபோகலாகாது என்பதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

மாவட்டத்தின் கீழ்த்திசை ஓரத்திலுள்ள வில்கமுவப் பகுதியை எடுத்துக்கொள்வோம். காரணம் இன்னதென்று தீர்மானமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வட மத்திய மாகாணத்தைப் போலவே அங்குள்ள விவசாயிகளையும் பீடித்திருக்கிறது. இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவை ஒரு நாள் அளந்தால் அதிகமாக ஒன்றும் புலப்படாது. சென்ற ஆண்டு எவ்வளவு, அதற்கு முந்திய ஆண்டு எவ்வளவு, ஏறிய வேகம் எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சிறுநீரகம் இன்னும் எத்தனை ஆண்டுக்குத் தாங்கும் என்று வைத்தியர் மதிப்பிட முடியும். 'வில்கமுவவில் இவ்வாண்டு இத்தனை சிறுநீரக நோயாளர்' என்னும் தொகை அமைச்சுக்குப் பயன்படும். அந்த விவசாயிக்கு வேண்டியது அவருடைய சொந்த எண்களின் வரிசை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இப்படிப்பட்டவையே. நம் காலத்து நோய்களில் பெரும்பாலானவை நாலு நாளில் தீர்பவையல்ல, இருபது ஆண்டு கூடவே இருப்பவை. அவற்றுக்கு மருந்து எவ்வளவு அவசியமோ ஞாபகமும் அவ்வளவு அவசியம்.

அந்த ஞாபகம் இன்று எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நோயாளியின் கைப்பையில் இருக்கிறது. கிளினிக் கொப்பி என்று நாம் சொல்லும் அந்தச் சாதாரண அப்பியாசக் கொப்பியை, கம்மடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரத்தோட்டைக்கோ மாத்தளைக்கோ கிளினிக்குக்கு வரும் ஒரு மூதாட்டியின் மடியில் காணலாம். மழைக்குப் பயந்து பொலித்தீன் பைக்குள் போட்டு, அதை மறுபடியும் ஒரு துணிப்பைக்குள் போட்டிருப்பாள். மூலைகள் சுருண்டிருக்கும், மாதத்துக்கு ஒரு திகதி முத்திரை, ஒவ்வொரு முத்திரைக்குக் கீழும் வேறு வேறு வைத்தியரின் அவசரமான ஆங்கிலக் கையெழுத்து, இடையிலே ஆய்வுகூடத்துத் துண்டுகள் ஊசியால் குத்தப்பட்டிருக்கும், நடுவில் ஓரிரு துண்டுகள் கழன்று விழுந்தும் இருக்கும். கண்டிக்கு அனுப்பினால் கொப்பியும் கூடப் போகும். கொப்பி தொலைந்தால் அவளுடைய வைத்திய சரித்திரம் முழுவதும் தொலைந்தது. ஆனாலும் இந்தக் கொப்பியை ஏளனம் செய்ய நான் ஒருப்படேன். அது நோயாளியோடு பிரயாணம் செய்கிறது, மின்சாரம் கேட்பதில்லை, யாருடைய அனுமதியுமின்றி அவள் அதை யாருக்கும் காட்டலாம். கணினி இதை அகற்ற வேண்டுமென்றால், இந்த மூன்று குணங்களுக்கும் ஈடு சொல்ல வேண்டும்.

இவ்விஷயத்தில் முதல் வழிகாட்டியும் ஒரு வைத்தியரே. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ஒவ்வொரு வைத்தியரும் தத்தம் பேரேட்டில் தாம் பார்த்த நோயாளிகளைத் தனித்தனியே எழுதிவந்த காலத்தில், ஹென்றி பிளம்மர் என்னும் வைத்தியர், 1907இல், ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஓர் உறை, எந்த வைத்தியர் பார்த்தாலும் அந்த உறைக்குள்ளேயே குறிப்பு என்னும் முறையை ஏற்படுத்தினார். பின்னர் கட்டிய கட்டடத்தில் அந்த உறைகள் மாடிக்கு மாடி பிரயாணம் செய்வதற்குரிய தூக்கிகளையும் அவரே திட்டமிட்டார். இயந்திர மோகத்தால் செய்த காரியமல்ல அது. ஒரே நோயாளியை நாலு வைத்தியர் பார்ப்பதென்றால் நாலு பேருக்கும் ஒரே ஞாபகம் வேண்டும் என்னும் வைத்திய நியாயத்தின் விளைவு. இன்று இலங்கையின் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நிறுவப்பட்டுவரும் கணினி முறைகள், பிறப்பு முதல் இறப்பு வரை ஒருவருக்கு ஒரே தனிநபர் சுகாதார எண் என்னும் ஏற்பாட்டை அடிப்படையாகக் கொண்டிருப்பது இந்த மரபில் வருவதே.

எண் என்றதும் மலையகத்தாருக்கு வேறொரு ஞாபகமும் வரக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வரும் தொழிலாளியிடம் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரத் துண்டொன்று கொடுக்கப்பட்டது. அதைக் கழுத்திலே கட்டிக்கொண்டு வந்தவரை, எந்த மாவட்டத்து எந்தத் தோட்டத்துக்குச் சேர்ப்பது என்று அந்த எண்ணைப் பார்த்தே அதிகாரிகள் அனுப்பினார்கள். அந்த எண் அவனுக்குச் சொந்தமானதன்று. அவன்தான் அந்த எண்ணுக்குரிய தோட்டத்துக்குச் சொந்தமானவனாகக் கருதப்பட்டான். ஆகையால் ஒரு சமூகத்தாரிடம் போய், 'உங்கள் நோயையெல்லாம் ஓர் எண்ணின் கீழ் எழுதி வைக்கப்போகிறோம்' என்று சொல்லும்போது, அதை யார் பார்ப்பார், தோட்ட நிர்வாகம் பார்க்குமா, வேலை கொடுப்பவர் பார்ப்பாரா என்று அவர்கள் கேட்பது அறியாமையன்று. 2022இல் நிறைவேறிய 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதார விவரங்களை விசேடமான காப்புக்குரியவையாக வகுத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதை அந்த மூதாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

அந்த ஏற்பாட்டை அலட்சியம் செய்வோருக்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டலாம். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து 60 பேருக்கு மேற்பட்டோரை மேலை வைத்தியத்தில் பயிற்றினார். அவர்களில் ஒரு பகுதியினருக்கு முழுக்கத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக நூல்களையும் தமிழாக்கினார். அக்காலத்துக்கு அறுவை சிகிச்சையும் உடற்கூற்று நூலும் எவ்வளவு புதியவையோ, இக்காலத்துக்குத் திரையும் செயலியும் அவ்வளவு புதியவை. புதிய வித்தை மக்களின் பாஷையில் நுழைய வேண்டும் என்று பரதேசத்து வைத்தியரொருவருக்கு அன்று தோன்றிற்று. மாத்தளையின் கிளினிக்குகளில் தோன்றும் திரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இத்தகைய கட்டுரையை முடித்தால் வாசகர் விடமாட்டார். அதன் பெருமையும் சிறுமையும் ஒருங்கே தெரியும் துறை கண் வைத்தியம். மதுரையில் 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கிய வைத்தியர் கோ. வெங்கடசாமி, வாதநோயால் விரல்கள் முறுகிப்போன பின்னும், தம் விரலுக்கு ஏற்றபடி உபகரணங்களை அமைத்துக்கொண்டு கண்ணறுவை செய்தவர். அவர் நிறுவிய அமைப்பு, தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்த சிறு கண் நிலையங்களை, பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளரின் துணையோடு, நீண்ட தூரம் செல்லும் வைஃபை அலைகளால் வைத்தியசாலையோடு இணைத்தது. நீரிழிவினால் விழித்திரையில் உண்டாகும் சேதத்தைப் படத்திலிருந்து கண்டறியும் முறையைக் கணினிக்குக் கற்பித்து, கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரைக்கும் அரவிந்தின் பங்களிப்பு இருந்தது. 1,28,175 விழித்திரைப் படங்களை 54 கண் வைத்தியர்கள் தரம் பிரித்துக் கொடுக்க, அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கணினி கற்றது. தேர்ந்த வைத்தியருக்கு நிகராகவே நோயைக் கண்டுபிடித்தது.

அதே கருவியைத் தாய்லாந்தின் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது நடந்ததுதான் நமக்குப் பாடமாகத்தக்கது. போதிய இருள் இல்லாத அறையில், வரிசை வரிசையாகக் காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே, தாதியர் எடுத்த 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றை, தெளிவில்லை என்று கணினி தள்ளிவிட்டது. மனிதக் கண்ணுக்கு ஒன்றும் குறையில்லை என்று தெரிந்த படங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள் என்று சொல்லப்பட்டவர்கள் ஒரு நாட் கூலியை இழந்து அலைய நேர்ந்தது. கணிதத்தில் பிழையில்லை. அறையின் யன்னலுக்குத் திரைச்சீலை இல்லாததுதான் பிழை. அதைக் கண்டுபிடித்தவர்கள், கிளினிக்கில் போய் உட்கார்ந்து தாதியர் வேலை செய்வதைக் கவனித்தவர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரமின்றி இருந்த இலங்கைக்கு, யன்னலையும் மின்சாரத்தையும் கேட்காமல் கணிதத்தை மட்டும் கொண்டுவரும் கருவி எதுவாயினும் கொஞ்சம் பொறுத்தே வரட்டும் என்பேன்.

மாத்தளைக்கு உடனடியாக வேண்டியது அவ்வளவு பெரிதன்று. தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழ்வோருக்குப் பெரும்பாலும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறிப் போகும். எனவே வைத்தியசாலையில் முகவரி கேட்டால் எல்கடுவத் தோட்டத்தாரோ கம்மடுவைத் தோட்டத்தாரோ தோட்டத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். கணினியும் அந்த ஒற்றைச் சொல்லை ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். ஒரே தோட்டத்தில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும். பெருமாள் என்று பத்துப் பேர் இருப்பார்கள். டெங்கு அறிவித்தல் மின்னல் வேகத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு வந்து சேர்ந்தாலும், எந்தப் பெருமாள் என்று காரியாலயத்தில் விசாரித்து, கணக்கப்பிள்ளையைத் தேடிப்பிடித்து, மலையேறி இறங்குவதற்குள் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் போய்விடும். 1990 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸ் கேட்கும் வீட்டாருக்கும் இதே சங்கடந்தான். பிரிவு, லய இலக்கம், காம்பிரா (அறை) இலக்கம் என மூன்று கட்டங்களை முகவரிக்குக் கீழே சேர்ப்பதற்கு டி.எச்.ஐ.எஸ்.2 போன்ற மென்பொருளில் ஒரு பிற்பகல் போதும். அவை நிரம்பிவிட்டால், பரிசோதகர் எந்த வளைவில் மோட்டார் சைக்கிளை நிறுத்த வேண்டும், எந்த லயத்தின் எத்தனையாவது கதவைத் தட்ட வேண்டும் என்பதைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டே புறப்படலாம்.